சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டம்: ஊர்மக்களுக்கு விதி தரும் உரிமைகள்

சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம், இரசாயன ஆலை, பெரிய கல்குவாரி போன்ற திட்டங்கள் வேலையைத் தொடங்குமுன் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை (பேச்சுவழக்கில் ஈஐஏ அறிவிக்கை) இதற்கான நடைமுறையைச் சொல்கிறது. பாதிக்கப்படும் மக்கள் அதிகாரிகளின் எதிரே நின்று பேசவும், பேசியது அரசுப் பதிவில் ஏறவும் அதில் இருக்கும் இடம் கருத்துக் கேட்புக் கூட்டம். கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்பது அறிவிக்கையின் 4-ஆம் பின்னிணைப்பில் இருக்கிறது. போராட்டக் குழுவில் ஒருவராவது அந்த நான்கைந்து பக்கங்களை முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். இந்தக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. ஆயிரம் பேர் "வேண்டாம்" என்று கைதூக்கினாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. ஐம்பது பேர் "வேண்டும்" என்று சொன்னதால் அனுமதி கிடைத்துவிடவும் கூடாது. அனுமதியைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு கூட்டத்துக்கு வருவதில்லை. அவர்கள் பார்ப்பது நடவடிக்கைக் குறிப்பையும், எழுத்துப்பூர்வ மனுக்களையும், அவற்றுக்கு நிறுவனம் தந்த பதிலையும்தான். வழக்கு என்று போனால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பார்ப்பதும் அதே தாள்களைத்தான். ஆகவே கூட்டம் சேர்ப்பதில் செலவிடும் உழைப்பில் பாதியையாவது பதிவு சேர்ப்பதில் செலவிட வேண்டும்.

கிராமசபையின் சம்மதமே தேவைப்படும் சட்டம் வேறு. வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில் அது வரும். 2013-இல் ஒடிசாவின் நியம்கிரியில் 12 கிராமசபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தது அந்த வழியில்தான். உங்கள் பகுதியில் வனநிலம் சம்பந்தப்பட்டிருந்தால் இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

எந்தத் திட்டங்களுக்குக் கூட்டம் உண்டு?

'ஏ' பிரிவுத் திட்டங்களை ஒன்றிய அமைச்சகம் பரிசீலிக்கிறது; 'பி' பிரிவை மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் பார்க்கிறது. 'பி' பிரிவுக்குள் பி1, பி2 என்று இரண்டு உண்டு. 'ஏ' மற்றும் பி1 திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பு கட்டாயம். பி2 என்று வகைப்படுத்திவிட்டால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் இல்லை, கூட்டமும் இல்லை. முறையான ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகள், கட்டுமானத் திட்டங்கள், கூடுதல் நிலம் எடுக்காத சாலை விரிவாக்கம், பாதுகாப்புத் துறைத் திட்டங்கள் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. விலக்குப் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகிறது: 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை 'ஏ' பிரிவிலிருந்து பி2-க்கு மாற்றினார்கள், 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களின் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று குறிப்பாணை வந்தது.

அதனால் ஒரு திட்டம் வருவது தெரிந்ததும் பார்க்க வேண்டியது அதன் வகை. 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பமும், ஆய்வு வரம்புக் கடிதமும் (எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்வது), நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளும் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் ஊர்களுக்கு அதிகம் தலைவலி தருவது கல்குவாரி. குத்தகைப் பரப்பு 5 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் தனித்துப் பார்க்கையில் பி2. ஆனால் ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே கனிமத்துக்கு வேறு குத்தகை இருந்தால், அவை ஒரே தொகுப்பு. 2018-இல் பசுமைத் தீர்ப்பாயம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும். நிலத்தைத் துண்டு துண்டாக, 4 ஹெக்டேர், 4.5 ஹெக்டேர் என்று வெவ்வேறு பெயர்களில் குத்தகை எடுப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 500 மீட்டருக்குள் என்னென்ன குவாரிகள் உள்ளன என்று கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகம் தரும் கடிதம் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அதில் விடுபட்ட குவாரியைச் சர்வே எண்ணோடு சுட்டிக்காட்டினாலே சில விண்ணப்பங்கள் வகை மாறிவிடும். பழைய குத்தகைகள் சிலவற்றைத் தொகுப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், ஒவ்வொன்றும் எப்போது அனுமதி பெற்றது, இப்போது இயங்குகிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு வந்தபின் கையில் இருக்கும் 30 நாள்

கூட்டத்தை ஏற்பாடு செய்வது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நிறுவனத்தின் கோரிக்கை வந்த 45 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். பத்திரிகை போகாத ஊர்களில் தண்டோரா, வானொலி, தொலைக்காட்சி வழியே சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 2020-இல் வந்த புதிய ஈஐஏ அறிவிக்கையின் வரைவு இந்த 30 நாளை 20 ஆகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவு இறுதி அறிவிக்கை ஆகவில்லை.

விளம்பரம் வந்த பத்திரிகையின் முழுப் பக்கத்தைத் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். அறிவிப்பில் குறை இருந்தால் பிற்பாடு அதுவே முதல் ஆதாரம். தேதி, நேரம், இடம் எதையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அவசரச் சூழல் ஏற்பட்டு, மாவட்ட ஆட்சியர் பரிந்துரைத்தால் மட்டுமே தள்ளிவைக்கலாம். அதையும் அதே பத்திரிகைகளில் அறிவிக்க வேண்டும்.

தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையின் பிரதிகள் ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அலுவலகங்கள், வாரிய அலுவலகம் ஆகிய இடங்களில் கூட்டம் முடியும்வரை அலுவலக நேரத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். நடைமுறையில் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் "பீரோவில் இருக்கிறது, சாவி இல்லை" என்பார்கள். முதல் வாரத்திலேயே இரண்டு பேர் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஆட்சியருக்கும் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், போன தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருப்பது இங்கே உதவாது. பதிலுக்கு அதில் 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வரும்போது கூட்டம் முடிந்திருக்கும்.

அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்கும். ஆனால் சரக்கு இருப்பது பல நூறு பக்க ஆங்கில அறிக்கையில்தான். மொத்தத்தையும் படிக்க நேரமில்லை என்றால் 3-ஆம் இயலை எடுங்கள். திட்டப் பகுதியின் இப்போதைய நிலை, அதாவது நீர், காற்று, மண், உயிரினங்கள், மக்கள், எல்லாம் அதில் இருக்கும். பொதுவாகச் சுற்றிலும் 10 கிலோமீட்டர் வட்டத்தை ஆய்வு செய்திருப்பார்கள். மாதிரி எடுத்த தேதிகளைப் பாருங்கள்; அடுத்து மாதிரி எடுத்த ஊர்களைப் பாருங்கள். காற்று வீசும் திசையில் இருக்கும் உங்கள் ஊரை விட்டுவிட்டு எதிர்த்திசையில் மட்டும் அளந்திருப்பது வழக்கமாகப் பார்க்கும் கோளாறு. ஏரி, வாய்க்கால், ஓடை, குடிநீர்க் கிணறு, பள்ளி, கோயில், மேய்ச்சல் நிலம் ஒவ்வொன்றையும் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சர்வே எண்ணோடு குறியுங்கள். வேறெங்கோ செய்த அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டிய பத்திகளும் அகப்படும். அந்த மண்ணில் வளராத மரத்தின் பெயரோ, வேறு மாவட்டத்து ஆற்றின் பெயரோ காட்டிக் கொடுத்துவிடும்.

மாற்று இடங்களைப் பரிசீலித்தார்களா என்பது 5-ஆம் இயலில். அது பல அறிக்கைகளில் அரைப் பக்கத்தைத் தாண்டாது. பாதிப்பைக் குறைக்கும் வேலைகளும் அவற்றுக்கான பணமும் 10-ஆம் இயலில். ஆலோசகர்களின் பெயர்கள் கடைசி இயலில்.

முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ தவறாகத் தந்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அறிவிக்கையின் 8(6)-ஆம் பத்தி சொல்கிறது. கோவா மோபா விமான நிலைய வழக்கில், சுற்றுவட்டக் காடுகள் பற்றிய தகவலை விண்ணப்பத்தில் சொல்லாததற்காக உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் அனுமதியை நிறுத்திவைத்தது. மறுபரிசீலனைக்குப் பிறகு 2020-இல் அந்தத் தடை விலகியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். குறை கண்டுபிடித்தால் காலம் கிடைக்கும், கூடுதல் நிபந்தனைகள் கிடைக்கும். திட்டம் கைவிடப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

குவாரிக்கு இன்னொன்று: தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் வீட்டுமனையாக இருப்பதும், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவும்தான் அங்கே குடியிருப்பு. பட்டா நிலத்தில் தனியாகக் கட்டிய வீட்டை "குடியிருப்பு இல்லை" என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று தாண்டிப் போய்விடும். அப்படிப்பட்ட வீடுகளின் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை நகல்களை இணைத்து ஆட்சேபம் தர வேண்டும்.

ஆட்சேப மனு எழுதும் விதம்

"எங்கள் வாழ்வாதாரம் அழியும், திட்டத்தைக் கைவிடுக" என்று ஒரே வாசகத்தை அச்சடித்து ஐந்நூறு பேர் கையெழுத்திட்டால், நிறுவனம் தரும் பதில் அட்டவணையில் அது ஒரே வரியாகிவிடும்: "மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர், நிறுவனம் உரிய நடவடிக்கை எடுக்கும்." ஒவ்வொரு மனுவிலும் வேறொரு விஷயம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் சொல்லியாக வேண்டும். கிணறு வைத்திருப்பவர் தண்ணீரைப் பற்றியும், ஆடு வளர்ப்பவர் மேய்ச்சலைப் பற்றியும், பள்ளி மேலாண்மைக் குழு லாரிப் போக்குவரத்தைப் பற்றியும் எழுதட்டும். அறிக்கையின் எந்தப் பக்கம், அதில் என்ன எழுதியிருக்கிறது, உண்மையில் என்ன இருக்கிறது, அதற்குச் சான்று என்ன, என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் ஒரு பக்கம் போதும். கடைசிக் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: "இந்த 14 கிணறுகளையும் கோடையில் அளந்து அறிக்கையைத் திருத்திய பிறகே பரிசீலிக்க வேண்டும்" என்பதைப் போல.

கிராமசபைத் தீர்மானம் இந்த அனுமதியைத் தடுக்காது. ஆனால் வலுவான ஆவணம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. தீர்மானப் பதிவேட்டில் ஏறியதை உறுதிசெய்து, நகலையும் மனுவோடு இணையுங்கள்.

கூட்ட நாளில்

ஆட்சியர் தலைமை வகிக்க வேண்டும். அவர் வராவிட்டால் கூடுதல் மாவட்ட நடுவர் (கூடுதல் ஆட்சியர்) நிலைக்குக் குறையாத, அவருடைய பிரதிநிதி. வருபவர் யார், என்ன பதவி என்று முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை என்று விதியில் எதுவும் இல்லை. இதனால்தான் புறக்கணிப்பு பெரும்பாலும் பலன் தருவதில்லை: பத்துப் பேர் இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு, அந்தப் பத்துப் பேரும் திட்டத்தை ஆதரிப்பவர்களாக இருப்பார்கள். மேடையை மறித்துக் கூட்டத்தைக் குலைப்பதிலும் ஆபத்து உண்டு. சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் சூழல் உள்ளூரில் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்க அறிவிக்கை இடம் தருகிறது.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடச் சிலர் பயப்படுவார்கள், ஆதரவுக் கையெழுத்தாக மாற்றிவிடுவார்களோ என்று. தாளின் தலைப்பைப் படித்துவிட்டு, பெயருக்குப் பக்கத்திலேயே "எதிர்ப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

நிறுவனத்தின் பிரதிநிதி திட்டத்தை விளக்கியதும், அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும். "வெளியூர்க்காரர் பேசக்கூடாது" என்று தடுத்தால், "கூட்ட இடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும்" என்ற 4-ஆம் பின்னிணைப்பின் சொற்களைக் காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் எழுத்தில் கொடுத்துவிடலாம். உள்ளூரில் வசிக்காதவர்களும் எழுத்துப்பூர்வமாகக் கருத்துத் தர அறிவிக்கையிலேயே வழி இருக்கிறது. பேசும்போது பெயர், ஊர், பிறகு விஷயம். பேச்சின் சாரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

நடவடிக்கை முழுவதையும் வாரியம் வீடியோ எடுக்க வேண்டும். நீங்களும் எடுங்கள், இடைவெட்டு இல்லாமல். சத்தீஸ்கர் ராய்கர் மாவட்டத்தில் கரே 4/6 நிலக்கரிச் சுரங்கத்துக்கு 2008 ஜனவரியில் நடந்த கூட்டம் முறைப்படி நடக்கவில்லை என்று கண்டு, பசுமைத் தீர்ப்பாயம் 2012-இல் அனுமதியையே ரத்து செய்தது.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தில். பேசியவற்றின் சுருக்கத்தை வாரிய அதிகாரி எழுதி, அங்கேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும். அதன்பிறகு தலைமை வகித்தவர் அதே நாளில் கையெழுத்திட வேண்டும். பேசி முடித்த களைப்பில் எல்லோரும் கிளம்பிவிட, வாசிக்காமலே கையெழுத்தாகிவிடும். இருபது பேராவது உட்கார்ந்திருந்து வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன விஷயத்தை அப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததைக் குறிப்பிட்டு அன்று மாலையே ஆட்சியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கூட்டத்துக்குப் பிறகு

வாரியம் 8 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பை அனுமதி தரும் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். ஊராட்சி, ஆட்சியர் அலுவலகங்களிலும் வாரிய இணையதளத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும். அதில் திரிபு இருந்தால் நேரடியாக அந்த அமைப்புக்கே எழுதலாம். நிறுவனம் அறிக்கையைத் திருத்தி இறுதி செய்து அனுப்பியபின் நிபுணர் குழுவுக்கு 60 நாள் அவகாசம். 'பரிவேஷ்' தளத்தில் குழுவின் கூட்ட நிரலைக் கவனித்து, உங்கள் திட்டம் வரும்முன் உறுப்பினர் செயலருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். மக்களின் ஆட்சேபங்களைக் குழு பரிசீலித்து, ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம்.

அனுமதி வந்துவிட்டால், 7 நாளுக்குள் நிறுவனம் அதை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும். உத்தரவு தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாட்டுக்கு சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வு. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் தருவார்கள். மொத்தம் 90 நாளுக்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடிவிடும். இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

மேல்முறையீட்டுக்குப் போகாத ஊர்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது. கூட்டத்தில் நிறுவனம் தந்த வாக்குறுதிகள் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் சேர வேண்டும் என்று ஒன்றிய அமைச்சகத்தின் 2020 செப்டம்பர் குறிப்பாணை சொல்கிறது. அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் அறிக்கை தர வேண்டும். அவை பொது ஆவணங்கள். கூட்டக் குறிப்பில் "தண்ணீர் தெளிப்போம், கிணறுகளை மாதந்தோறும் அளப்போம்" என்று இருப்பதை அந்த அரையாண்டு அறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, நடக்காததைப் படத்தோடு அமைச்சகத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் புகாராக அனுப்பலாம்.