குளியலறை ஆவியைச் சீலிங்குக்குள் தள்ளாதீர்கள்

அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். படுக்கையறைச் சீலிங் முழுவதும் கறுப்புப் புள்ளிகள். பெயின்ட் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். மாரி தொடங்கியதும் திரும்பிவிட்டன. மேல்வீட்டுக் குழாய்தான் கசிகிறது என்று முடிவு கட்டி, மேல்வீட்டாருடன் பேச்சுவார்த்தையும் முறிந்துவிட்டது. நான் பக்கத்துக் குளியலறையின் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினேன். எக்ஸோஸ்ட் விசிறி புத்தம் புதியது. அதன் பின்வாயில் காற்றை வெளியே கொண்டுபோகும் டக்ட் குழாய் இல்லை. வெந்நீர்க் குளியலின் ஆவி அத்தனையும் சீலிங்குக்கும் கொங்கிரீட்டுக்கும் நடுவே போய்க் குந்திக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக் குழாயில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை.

வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனை என்று போகுமிடமெல்லாம் இதையே பார்க்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

"விசிறி நன்றாகச் சுற்றுகிறதே தம்பி, காகிதத்தைப் பிடித்தால் ஒட்டிக்கொள்கிறதே" என்பார்கள். ஒட்டத்தான் செய்யும். விசிறி அறைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உறிஞ்சிய காற்று வீட்டைவிட்டுப் போனதா என்பதைக் காகிதம் சொல்லாது. அதை அறிய வெளிச்சுவருக்குப் போய்ப் பாருங்கள். விசிறியைப் போட்டதும் அங்கே ஒரு மூடி திறக்க வேண்டும், கையை வைத்தால் காற்றுப் பட வேண்டும். வெளிச்சுவரில் வாயே இல்லையென்றால் உங்கள் வீட்டில் காற்றோட்டம் இல்லை, சுற்றும் விசிறி ஒன்று மட்டும் இருக்கிறது.

அடுத்த வாதம்தான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது: "சீலிங்குக்கு மேலே நிறைய இடம் இருக்கிறது, அங்கே கலைந்துவிடும்." வேலை செய்யும் பாஸ்மாரே இதைச் சொல்கிறார்கள். எங்கே கலையும்? மேலே கொங்கிரீட், சுற்றிலும் சுவர். ஆவி மறைந்து போகும் பொருள் அல்ல, அது தண்ணீர். குளிர்ந்த பரப்பு ஒன்றைக் கண்டதும் மறுபடி தண்ணீராகிவிடும். அந்தக் குளிர்ந்த பரப்பை நீங்களே செய்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்து அறையில் ஏசியை 20 பாகையில் விட்டுத் தூங்குகிறீர்கள் அல்லவா? அந்த அறையின் சீலிங் பலகையும் குளிர்கிறது. கொழும்பின் வெளிக்காற்றே ஆண்டின் பெரும்பகுதியில் 23, 24 பாகையில் இருக்கும் பரப்பில் நீர்த்துளியாகப் படிந்துவிடும். குளியலறைக் காற்றில் ஈரம் அதைவிட அதிகம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்ப்பதுபோலப் பலகையின் மேல்முகம் இரவெல்லாம் வியர்க்கிறது. ஜிப்சம் பலகையின் இரு முகங்களிலும் கடதாசி ஒட்டப்பட்டிருக்கிறது. ஈரக் கடதாசி பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. கீழே உங்களுக்குப் புள்ளி தெரியும்போது மேலே அது படர்ந்து நெடுநாளாகியிருக்கும். அதன்மேல் எத்தனை தரம் பெயின்ட் அடித்து என்ன? வீட்டில் தொய்வு உள்ள பிள்ளை இருந்தால், அது ஒவ்வோர் இரவும் அந்தச் சீலிங்கின் கீழேதான் மூச்சுவிடுகிறது. தயவுசெய்து இதை எண்ணிப் பாருங்கள்.

பெரிய விசிறி வாங்கினால் தீரும் என்று நினைக்காதீர்கள். டக்ட் இல்லாத இடத்தில் பெரிய விசிறி இன்னும் வேகமாக ஆவியைச் சீலிங்குக்குள் கொட்டும். டக்ட் இருக்கும் வீடுகளிலும் 6 அங்குல விசிறியை 4 அங்குலக் குழாயில் திணித்திருப்பார்கள். காற்றுப் போகும் வழி பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. மடிந்து தொங்கும் அலுமினியக் குழாயில் மிச்சமும் போய்விடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு பெரும்பாலும் குழாய் எதுவும் பூட்டாமல் அளந்தது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். குழாய் குறுகியதாக, இழுத்துக் கட்டியதாக, வெளிப்பக்கம் சற்றே சரிந்ததாக இருக்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் உள்ளே தேங்கும் தண்ணீர் விசிறிக்கே திரும்பி வரும்.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவின் கீழே அரை அங்குலமாவது விடுங்கள். ஏசி இருப்பதால் புதுக்காற்று வருகிறது என்பதும் பிழை. வீடுகளில் பூட்டும் சாதாரண ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது.

கடற்கரைப் பக்கத்து வீட்டாருக்குத் தனியாக ஒரு சொல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக அடிக்கிறது. கடலோர வீதியான மரைன் டிரைவைப் பார்த்த சுவரில் டக்ட் வாயை வைத்தால் அந்தக் காற்று உங்கள் விசிறியைத் தோற்கடித்து மழையையும் உள்ளே அனுப்பும். வேறு சுவர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் மழைமறைப்பும், வெளிக்காற்று உள்ளே வராமல் தானாக மூடும் தட்டும் கட்டாயம். இரும்பில் வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும்.

தொடர்மாடியின் பொதுக் காற்றுக்கூண்டில் குழாயை விடுபவர்கள் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு விடுங்கள். மூடும் தட்டு இல்லாவிட்டால் கீழ்வீட்டு மலசலகூட வாடை உங்கள் வீட்டுக்கு வரும்.

சமையலறைக் குழாயைக் குளியலறைக் குழாயுடன் ஒருபோதும் இணைக்க வேண்டாம். தாளிதமும் பொரியலும் நாள்தோறும் நடக்கும் நம் அடுப்புகளுக்கு மேலே மடிப்புக் குழாய் ஆகாது. மடிப்புகளில் எண்ணெய் படிகிறது, எண்ணெய் தீப்பிடிக்கிறது. வழுவழுப்பான உலோகக் குழாய் போடுங்கள், வடிகட்டியை ஒழுங்காகக் கழுவுங்கள். கரி வடிகட்டி வைத்து காற்றை மீண்டும் அறைக்கே விடும் வகை அடுப்பு விசிறி வாடையைச் சற்றுக் குறைக்கும். ஈரத்தை ஒன்றும் செய்யாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. எரிவாயு வாடை வந்தால் எக்ஸோஸ்ட் விசிறியைப் போடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, தரையில் தங்கும். மேலே இருக்கும் விசிறி அதை விரைவில் எடுக்காது. சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும். எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்து, சிலிண்டரை மூடி, எல்லோரும் வெளியேறுங்கள்.

வீடு கட்டுபவர்களிடமும் திருத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சீலிங் மூடும் நாளில் நீங்களே அங்கே நில்லுங்கள். விசிறியிலிருந்து வெளிச்சுவர் வரை டக்ட் போவதைக் கண்ணால் பார்த்து, தொலைபேசியில் படம் எடுத்து, விசிறிக்குப் பக்கத்தில் திறக்கக்கூடிய ஒரு பலகையும் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகே பாஸுக்குக் கடைசிக் காசைக் கொடுங்கள்.