ஒரே வடிதாளை இரண்டு முறை அளப்பது ஏன்?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் போய் நின்று பாருங்கள். தென்பெண்ணையும் கெடிலமும் அடித்துவந்த வண்டலில் கரையோரக் கடல் டீ நிறத்தில் கிடக்கும். சித்திரையில் அதே இடம் தெளிந்து, பச்சை தட்டியிருக்கும். பழுப்புக்குக் காரணம் மண். பச்சையில் பெரும்பங்கு நுண்பாசிகளுடையது. ஆனால் இரண்டும் எப்போதும் கலந்தேதான் இருக்கின்றன. எது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

முடியும். அளவு பார்த்து எடுத்த கடல்நீரை, 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி இழை வடிதாள் வழியாக மெதுவாக உறிஞ்ச வேண்டும். வேகமாக இழுத்தால் பாசியின் செல்கள் உடைந்துவிடும். தாளில் 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டக் கறை படியும். அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். 314 மில்லி நீரை வடித்திருந்தால், அதே அகலத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள நீர்த்தூணில் மிதந்ததெல்லாம் அந்தக் கறைக்குள் வந்துவிட்டது என்று பொருள். எனக்கு இந்த முறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் தாளை நிறமாலைமானியில் வைத்து, 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி குறைகிறது என்று பார்ப்பார்கள். ஒப்பிட, வடித்த கடல்நீரில் நனைத்த வெறும் தாள் ஒன்று வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சவுக்குத் தோப்பை நேராகக் கடந்தால் நூறு அடி. மரத்துக்கு மரம் மோதித் திரும்பினால் அதைவிட எவ்வளவோ கூட. ஒளியும் தாளின் இழைகளுக்குள் அப்படித்தான் அலைகிறது. ஒரே துகளைப் பலமுறை கடப்பதால், உறிஞ்சல் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். இதற்கான திருத்தத்தைப் போடாத எண்ணை நம்பக் கூடாது.

சரி, மண்ணையும் பாசியையும் பிரிப்பது எப்படி? 1985இல் ஜப்பானின் கிஷினோவும் அவர் குழுவினரும் எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். அளந்த தாளின் மேல் மெத்தனால் ஊற்றினால் பச்சையம் கரைந்து போய்விடும். வண்டலும் மக்கிய துகள்களும் அப்படியே நிற்கும். தாளை மறுபடி அளந்து, முதல் அளவிலிருந்து கழித்தால் கிடைப்பது பாசியின் பங்கு. அதன் வரைகோட்டில் 440, 675 நானோமீட்டர் அருகே இரண்டு முகடுகள் எழும். வண்டலின் கோடோ நீலத்தில் உயர்ந்து, சிவப்பை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். சில நீலப்பச்சைப் பாசிகளின் நிறமிகள் மட்டும் மெத்தனாலில் கரையாமல் தங்கிவிடும். அவை மிகுந்த நீரில் வேறு வழி பார்க்க வேண்டும்.

நீல ஒளியை வண்டல், பாசி இரண்டுமே விழுங்குவதுதான் செயற்கைக்கோளுக்குத் தொல்லை. 2022 நவம்பரில் இந்தியா ஏவிய ஓஷன்சாட்-3, கடலின் நிறத்தை வைத்துத்தான் பச்சையத்தைக் கணிக்கிறது. ஆழ்கடலுக்கான சூத்திரத்தைக் கடலூர்க் கரைக்குப் போட்டால், வண்டலையும் பச்சையமாக எண்ணிவிட வாய்ப்புண்டு. மீன் கிடைக்கும் இடங்களை மீனவர்களுக்குச் சொல்லும் அறிவிப்புகள் பச்சைய அளவையும் வைத்தே தயாராகின்றன. ஆகவே கரையோரச் சூத்திரத்தைச் சரிபார்க்க, படகில் போய் நீர் அள்ளி, இப்படி இரண்டு முறை அளந்த தாள்கள் வேண்டியிருக்கின்றன.