அகலமாக எடுத்த படம் எங்கே?

2003 ஏப்ரல் 9. அன்றிரவு எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்கில் வெளிநாட்டுப் பக்கம் என் பொறுப்பு. இராக் தலைநகர் பாக்தாத்தின் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேன் சிலை சாயும் படங்கள் ஏஜென்சியிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன. முண்டியடிக்கும் முகங்கள், ஓங்கிய கைகள். ஒன்றை எடுத்து நான்கு காலம் (column) அகலத்துக்குப் போட்டு, 'சிலையைச் சாய்த்த மக்கள் வெள்ளம்' என்று கேப்ஷன் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சில நாள் கழித்து அதே சதுக்கத்தை உயரத்திலிருந்து எடுத்த படம் கண்ணில் பட்டது. பெரும்பகுதி காலி. சிலையைச் சுற்றி மட்டும் ஒரு கூட்டம், அதிலும் பத்திரிகைக்காரர்கள் கணிசம். பக்கத்தில் அமெரிக்க டாங்கிகள். சிலையின் பீடத்தைச் சம்மட்டியால் அடித்தவர்கள் இராக்கியர்கள்தான், அவர்கள் சந்தோஷமும் பொய்யில்லை. ஆனால் சிலையைக் கடைசியில் இழுத்துத் தள்ளியது அமெரிக்க மரைன் படையின் மீட்பு வண்டி. 'வெள்ளம்' நான் சேர்த்தது. சதுக்கத்தை ஒட்டி இருந்த பாலஸ்தீன் ஓட்டலில்தான் வெளிநாட்டு நிருபர்கள் தங்கியிருந்தார்கள். கேமரா அங்கே இருந்தது, காட்சியும் அங்கேயே கிடைத்தது. அதற்கு முந்தின நாள் அதே ஓட்டல் மீது அமெரிக்க டாங்கி ஒன்று சுட்டதில் இரண்டு ஒளிப்பதிவாளர்கள் இறந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சிலைப் படம் வந்ததும் அந்தச் செய்தி ஓரத்துக்குப் போய்விட்டது.

இப்போது இதழியல் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறேன். போர்ச் செய்தி என்றால் பொய்ச் செய்தியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பொய் என்றைக்காவது பிடிபட்டுவிடும். உண்மையான படத்தைக் கிட்டத்தில் வெட்டிப் போட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அமெரிக்கா இராக் மீது தொடுத்த அந்தப் போருக்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். 2003 பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் போர் வேண்டாம் என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். லண்டன் கூட்டம் ஏழரை லட்சம் என்றது போலீஸ். ஏற்பாட்டாளர்கள் சொன்ன கணக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நியூயார்க்கில் பேரணிக்கு அனுமதி மறுத்து, ஓரிடத்தில் நின்று கூட்டம் நடத்த மட்டும் விட்டார்கள். மூன்று நாள் கழித்து அதிபர் புஷ், இதற்கெல்லாம் காது கொடுத்தால் சந்தை ஆய்வுக்காரர்களிடம் கேட்டுக் கொள்கை வகுப்பது போலாகிவிடும் என்கிற மாதிரிப் பேசினார்.

இவ்வளவு பேர் நடந்தார்களே, ஸ்டுடியோவில் அவர்களுக்கு எத்தனை நாற்காலி? போரின் முதல் மூன்று வாரங்களில் ஆறு அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் செய்திகளில் பேசியவர்களை 'ஃபேர்' என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு எண்ணிப் பார்த்தது. பேசிய அமெரிக்கர்களில் 71 சதவீதம் போரை ஆதரித்தவர்கள். எதிர்த்தவர்கள் 3 சதவீதம். அப்போது நாட்டில் கால்வாசிப் பேராவது போரை எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். போர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால் எம்எஸ்என்பிசி என்ற அமெரிக்கச் செய்திச் சானல், தன் நிகழ்ச்சிகளிலேயே அதிகப் பார்வையாளர்கள் இருந்த ஃபில் டோனஹ்யூவின் பேட்டி நிகழ்ச்சியையே நிறுத்தியது. போட்டிச் சானல்கள் கொடி ஆட்டும் நேரத்தில் நம் சானல் போர் எதிர்ப்பு மேடையாகிவிடுமோ என்ற பயம் நிர்வாகக் குறிப்பில் இருந்தது பிறகு வெளியே கசிந்தது.

நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று தன் தவறை ஒப்புக்கொண்டது. இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்ன செய்திகள் பல வந்தது முதல் பக்கத்தில். ஒப்புதல் வந்தது 10-ஆம் பக்கத்தில்.

சரி, அமெரிக்காக்காரனை மட்டும் சொல்வானேன். தமிழில் நாமே வைத்திருக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துச் சிப்பாய் இறந்தால் 'வீரமரணம்'. எதிரி இறந்தால் 'சுட்டு வீழ்த்தப்பட்டார்'. நடுவில் மாட்டிய சாதாரண ஜனம் 'பலி'. 'குண்டு விழுந்து பலர் பலி' என்று தலைப்பு வைத்தால் வீசியவன் வாக்கியத்திலேயே இல்லை, குண்டு ஏதோ மழை மாதிரி தானாக விழுந்திருக்கிறது. நானே நூறு முறை வைத்திருப்பேன். ஒற்றைக் காலம் (column) தலைப்பில் இடம் போதாது என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது தலைப்பைப் படிக்கும்போது 'யார்?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். பதில் செய்திக்குள் எத்தனையாவது பத்தியில் வருகிறது என்றும் பார்க்கிறேன். அப்புறம், பேசுகிறவர் ஓய்வுபெற்ற தளபதியா, குண்டு விழுந்த ஊர்க்காரரா என்று.

2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதலின்போது, கராச்சி துறைமுகம் அழிந்துவிட்டதாகப் பல இந்தியச் சானல்கள் ஓட்டின. அப்படி நடக்கவே இல்லை. ஸ்டுடியோவில் சைரன் ஒலியைப் போடாதீர்கள் என்று சானல்களுக்கு அரசே சொல்லவேண்டி வந்தது. எங்கள் தெருவில் ஒரு அம்மா டிவி சைரனை நிஜம் என்று நினைத்து வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்.

போன மாதம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அந்த அகலப் படம் அன்னிக்கு ராத்திரியே உங்க கம்ப்யூட்டருக்கு வந்திருக்குமா?"

வந்திருக்கலாம். முப்பது நாற்பது படங்கள் வந்தன. நான் திறந்து பார்த்தது முதல் ஏழெட்டுதான்.