ஆர்.வி. – மனையூர்தி

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதிப் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ஆர்.வி. விரித்தால் ரிக்ரியேஷனல் வெஹிக்கிள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. தானே ஓடினால் மோட்டார் ஹோம். வேறொரு வண்டி இழுத்துப் போனால் டிராவல் டிரெய்லர். இரண்டுக்கும் பொதுப்பெயர்தான் ஆர்.வி. இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நம் ஊரில் இதைப் பார்த்தால் ‘கேரவன்’ என்போம். படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியைப் பார்த்துப் பழகிய பழக்கம். பிரிட்டனிலோ கேரவன் என்றால் பெரும்பாலும் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வகை. சொல்லின் வேர் பாரசீக ‘கார்வான்’, அதாவது கூட்டமாகப் பயணம் போகும் வணிகர் அணி. அதற்கு நம்மிடம் அருமையான சொல் உண்டு: சாத்து. சுங்கச் சாவடியுள்ள பெருவழியில் மிளகுப் பொதி சுமந்து போகும் ‘கழுதைச் சாத்து’ பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயருக்குள்ளும் இதே சொல்தான். ஆனால் சாத்து என்பது கூட்டம். ஒற்றை வண்டிக்கு ஒட்டாது. ஆசையாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

சரி, ‘ரிக்ரியேஷன்’? இலத்தீனில் மீண்டும் உண்டாக்குதல், களைப்புப் போக்கிப் புத்துயிர் ஊட்டுதல் என்று பொருள். அதை அகராதிப்படி ‘பொழுதுபோக்கு ஊர்தி’ என்று பெயர்த்தால் எனக்குப் பொருட்காட்சி ராட்டினம்தான் நினைவுக்கு வருகிறது. வண்டியின் அடையாளமே உள்ளே குடியிருக்கலாம் என்பதுதானே. 1910-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்ட பியர்ஸ்-ஆரோ டூரிங் லாண்டோ என்ற காரிலேயே பின்னிருக்கை விரித்தால் படுக்கையாகும். மடக்கு முகக்கழுவு தொட்டியும் இருந்தது.

ஆகவே என் தேர்வு மனையூர்தி. மனை என்றால் வீடு. ஊர்தி புதிதாகச் செய்த சொல் அல்ல. ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூற்றின் 27-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. இழுபடும் வகையை இழுவை மனையூர்தி எனலாம். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவுக்குப் போகிறவருக்கு இந்த இழுவையும் கணக்கில் வரும். அங்கே ‘கோயிங்-டு-தி-சன்’ சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியில்லை; இழுக்கும் வண்டியையும் இழுபடுவதையும் சேர்த்தே அளப்பார்கள்.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘பூண்டாக்கிங்’. மின்சாரம், குடிநீர், கழிவுநீர்க் குழாய் என்ற மூன்று இணைப்பும் இல்லாமல் மனையூர்தியில் தங்குவது. சொல்லின் வேர் தகலோக் மொழியின் ‘புந்தோக்’, அதாவது மலை. பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஒதுக்குப்புறக் காட்டுப்பகுதிக்கெல்லாம் இந்தப் பெயரை வைத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூன்று இணைப்பும் கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் மட்டும்; கரடி நடமாட்டம் காரணமாக அங்கே துணிக்கூடாரத்துக்குத் தடை. பூண்டாக்கிங்கை ‘காட்டுத் தங்கல்’ என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் கடை வாசலில் வண்டியை நிறுத்தி இரவைக் கழிப்பதையும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். இரண்டுக்கும் பொருந்துவது ‘தற்சார்புத் தங்கல்’.