ஐகான்: படவுருவா, சின்னமா?

கணினியில் ஏதோ ஒரு மென்பொருளில் ‘கோப்பு’ மெனுவைத் திறங்கள். ‘சேமி’ என்ற சொல்லுக்கு இடப்பக்கம் பெரும்பாலும் பழைய நாள் சேமிப்புத் தட்டான ஃப்ளாப்பியின் குட்டிப் படம் ஒன்று இருக்கும். அச்சிடுவதற்குப் பிரிண்டர், வெட்டுவதற்குக் கத்தரிக்கோல். இவற்றைத்தான் ஐகான் என்கிறோம்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘எய்கோன்’ என்றால் ஒன்றைப் போலவே இருக்கும் உருவம். ‘ஒத்திருத்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. கிழக்கத்திய கிறித்தவத் திருச்சபைகளில் மரப்பலகையில் தீட்டி வணங்கும் புனிதர் படங்களுக்கு அதுவே பெயராயிற்று. அந்தப் படங்களை வணங்கலாமா, உடைக்கலாமா என்று பைசாந்தியப் பேரரசு 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பெரும் சச்சரவில் கிடந்து, 843இல்தான் ஓய்ந்தது.

கணினிக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித். 1975இல் ஸ்டான்ஃபோர்டில் ‘பிக்மேலியன்’ என்ற நிரலாக்கச் சூழல் பற்றி எழுதிய முனைவர்பட்ட ஆய்வில் இதைக் கையாண்டார். திருச்சபைப் படம் வெறும் ஓவியமல்ல, தான் காட்டும் பொருளின் தன்மையையும் தாங்கி நிற்பது; அதனால்தான் அந்தச் சொல்லை எடுத்தேன் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியின் வடிவமைப்பிலும் பங்கேற்றார். 1984இன் மேக்கின்டாஷுக்கு சூசன் கேர் வரைந்த படங்கள் அதை எல்லோருக்கும் பழக்கமாக்கின.

நிரல் எழுதுபவர்களுக்கு ஐகான் என்பது கொஞ்சம் வேறு. ஜாவா மொழியில் சாளரம், மெனு போன்றவற்றை அமைக்க உதவும் ஸ்விங் தொகுப்பில் ‘ஐகான்’ ஒரு இடைமுகம், அதாவது ஒரு பொருளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்து, தன்னைத் தானே வரைந்துகொள்ளவும் தெரிந்தால் போதும்; படக்கோப்பே வேண்டியதில்லை. மெனுவின் ஒரு வரியான ‘ஜேமெனுஐட்டம்’ பொருளுக்கு ‘செட்ஐகான்’ வழியாக அதைக் கொடுத்தால் முடிந்தது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் இதே வேலைக்கான விண்டோஸ் ஃபார்ம்ஸில் தொடக்கத்தில் இந்த வசதி கிடையாது. மெனுவில் ஒரு படம் வேண்டுமென்றால் ‘நானே வரைந்துகொள்கிறேன்’ என்று சொல்லும் ‘ஓனர்டிரா’வை இயக்கி, உருப்படியின் அளவையும் நாமே சொல்லி, எழுத்தையும் நாமே வரைய வேண்டும். ஒரு கத்தரிக்கோலுக்கு இவ்வளவு பாடு! 2005இல் டாட்நெட் 2.0 கொண்டுவந்த ‘மெனுஸ்ட்ரிப்’ வந்த பிறகு, ‘இமேஜ்’ பண்பில் படத்தைக் கொடுத்தாலே போதும் என்றாகிவிட்டது. கியூட்டி (Qt) என்ற இன்னொரு தொகுப்பில், ஒரு செயலைக் குறிக்கும் ‘கியூஆக்‌ஷன்’ ஒன்றுக்கு ஒருமுறை ஐகான் கொடுத்தால், அதே செயல் மெனுவிலும் கருவிப்பட்டையிலும் படத்தோடு வரும். லினக்ஸ் பக்கம் இன்னும் நேர்த்தி: ‘டாகுமென்ட்-சேவ்’ என்று வேலையின் பெயரை மட்டும் நிரலில் எழுதினால் போதும், படம் பயனர் தேர்ந்த திரைத் தோற்றத் தொகுப்பான தீமிலிருந்து வரும். ஃப்ளாப்பி வரைவதா வேறெதுவா என்பது தீம் செய்பவர் பாடு.

எல்லா உருப்படிக்கும் படம் ஒட்டுவது அழகு என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் திரைச்சூழல்களில் ஒன்றான க்னோமின் 2009இல் வந்த 2.28 பதிப்பு மெனு ஐகான்களை இயல்பு நிலையில் மறைத்தே வைத்தது. எல்லா வரியிலும் படம் இருந்தால் கண் எதிலும் நிற்பதில்லை. அடிக்கடி தேடும் நாலைந்துக்கு மட்டும் போடுவதே என் கட்சி.

சரி, தமிழில் என்ன சொல்வது? குறும்படம் என்றும் சிலர் எழுதினார்கள். இன்று அது சினிமாக்காரர்களின் சொல். சின்னம், படவுரு இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. தேர்வு செய்ய அமெரிக்கத் தருக்கவியலாளர் சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் உதவுவார். பொருளை ஒத்திருப்பதால் அதைக் குறிப்பது ஐகான். வழக்கத்தாலோ ஒப்பந்தத்தாலோ குறிப்பது சிம்பல் என்று பிரித்தவர் அவர். நம் தேர்தல் சின்னங்கள் இரண்டாவது வகை. இரட்டை இலை ஒரு கட்சியைக் குறிப்பது, ஆணையம் ஒதுக்கியதால். ஆகவே சிம்பலுக்குச் சின்னத்தை விட்டுவிட்டு, ஐகானுக்குப் படவுரு என்பதே பொருத்தம். ஒப்புமை என்ற கிரேக்கப் பொருள் ‘உரு’வில் தங்குகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஃப்ளாப்பியையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அந்தப் படம் எதையும் ஒத்திருக்கவில்லை; ‘சேமி’ என்று பழகியதால்தான் புரிகிறது. பெர்ஸின் கணக்கில் அது இப்போது சின்னம். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் வயது பார்த்துப் பெயர் மாற்ற முடியாது. மெனுவில் வருகிற வகை முழுவதற்கும் ஒரு பெயர் போதும்.

படம் + உரு என்பதில் மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து படவுரு ஆகிறது. ‘படவுருவைச் சொடுக்கவும்’, ‘படவுருக்களை மறை’ என்று வேற்றுமையும் பன்மையும் தடுமாறாமல் ஏறும். மெனுவுக்குப் பட்டி, மெனு ஐட்டத்துக்குப் பட்டி உருப்படி என்று தமிழாக்கங்களில் எழுதுகிறார்கள். அப்படியானால் மெனுவில் ஐகான் போடும் வேலையின் பெயர் ‘பட்டி உருப்படிக்குப் படவுரு சேர்த்தல்’. பேச்சில் ஐகான் என்றே சொல்லிக்கொள்ளலாம். உதவிப் பக்கத்திலும் திரையிலும் எழுதும்போது படவுரு இருக்கட்டும்.