கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளாது

இதை எழுதும்போது என் மேசை மேல் ஒரு பிஸ்டன் கிடக்கிறது. மூன்றாவது சிலிண்டரிலிருந்து எடுத்தது. மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள வரப்பு, எலி கொறித்த மாதிரி ஒரு பக்கம் காணாமல் போயிருக்கிறது. அதே சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனை அளவுப் பொட்டுகள், சில மினுங்குகின்றன. அது அலுமினியம், பிஸ்டனிலிருந்து தெறித்தது.

பழைய கார்புரேட்டர் இன்ஜின், அதாவது காற்றின் இழுப்பிலேயே பெட்ரோல் கலக்கும் வகை. இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றி (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பீய்ச்சும் முறை), டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுவது) போட்டு, மூன்றாவது தடவை ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபோது முடிந்துவிட்டது. வண்டிக்காரர் சொன்னது: "கார்புரேட்டர்ல டர்போ போட்டாத்தான் தொல்லை, இன்ஜெக்‌ஷன்னா கம்ப்யூட்டரே பாத்துக்கும்னு சொன்னாங்க அண்ணே." இந்த வருடம் இதைக் கேட்பது நான்காவது தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, எதையும் பார்த்துக்கொள்ளாது. அது வெறும் கணக்குப்பிள்ளை. இந்த ஆர்பிஎம், இந்த அழுத்தம் என்றால் இவ்வளவு பெட்ரோல், இத்தனை டிகிரியில் ஸ்பார்க் என்று யாரோ நிரப்பிக் கொடுத்த அட்டவணையைப் பார்த்து எடுத்துக் கொடுக்கும். கட்டத்தில் தப்பான எண் இருந்தால் அந்தத் தப்பான எண்ணையே ஒவ்வொரு முறையும் கொஞ்சமும் பிசகாமல் கொடுக்கும்.

இந்த வண்டியில் போட்டிருந்தது டர்போ இல்லாத காரிலிருந்து கழற்றிய 1 பார் மேப் சென்சார், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது. வெளிக்காற்றின் அழுத்தம், அதாவது சுமார் 100 கிலோபாஸ்கல், அதற்கு மேல் அதற்குக் கண் தெரியாது. டர்போ அரை பார் பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், கொடுக்கும்போது மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில்) இருப்பது 150. சென்சார் 100 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். காற்று சூடாவதால் முழு ஒன்றரை மடங்கு உள்ளே போகாது, ஆனாலும் கிட்டத்தட்ட அவ்வளவு காற்றுக்கு ஒரு மடங்கு பெட்ரோல். டைமிங்கும் (ஸ்பார்க் அடிக்கும் நேரமும்) பூஸ்ட் இல்லாத இன்ஜினுக்கு உரியது, குறைத்திருக்க வேண்டிய நேரத்தில் குறையவே இல்லை. லீனாகவும் (பெட்ரோல் குறைவாக) ஓடி, அட்வான்ஸாகவும் (ஸ்பார்க் முந்தி) ஓடினால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வராமல் என்ன செய்யும்? ஐடிலில், ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, தேன் மாதிரி ஓடியதாம். ஓடும். ஐடிலில்தான் பூஸ்டே கிடையாதே.

"ஆக்சிஜன் சென்சார் இருக்கே, அது திருத்தாதா?" அடுத்த கேள்வி எப்போதும் இதுதான். புகைக்குழாயில் இருக்கும் சாதாரண நாரோபேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்குத் தெரிந்தது ஒரே எல்லைக்கோடு, எடையில் காற்று 14.7-க்கு பெட்ரோல் ஒன்று. அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். பூஸ்டில் நமக்கு வேண்டியது 11.5, 12 பக்கம். அங்கே அந்தச் சென்சாரின் பேச்சை ஈசியு காதில் வாங்குவதே இல்லை. அந்த விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் டர்போ இன்ஜினை டியூன் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நண்பர் வண்டியின் டியூனிங் ஃபைலை (அந்த அட்டவணையை) அப்படியே ஏற்றுவதும் இதே ரகம்தான். அது வேற இன்ஜெக்டர், வேற கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற விகிதம்).

1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் கம்பெனியே டர்போ போட்டுக் கொடுத்தது, கார்புரேட்டரோடு, கம்ப்ரஷன் 10.25-க்கு ஒன்று. நாக்கிங்குக்குப் பயந்து தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்தார்கள். அது தீர்ந்துபோனால் பூஸ்ட் தானாகக் குறையவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்களுக்கு இருந்த பயத்தில் பாதியாவது நமக்கு இருக்கலாம்.

சரி, செய்தே தீருவது என்றால்: முதலில் சிலிண்டர் அழுத்தம் பிடிக்கிறதா, எங்கே கசிகிறது என்று பார்க்க கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட். ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு டர்போ வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். மேப் சென்சார் 2 பாருக்குக் குறையாமல் போடுங்கள். டைமிங்கை ஈசியுவிடம் கொடுங்கள், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸை நம்பாதீர்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஹோஸ் போக வேண்டும். அதை விட்டால் அரை பார் பூஸ்டில் இன்ஜெக்டரின் அளவு 9 சதவீதம் போல விழும். டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் பெரிதாக, மடங்காமல், கீழ்நோக்கியே சம்ப்புக்கு (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) போகட்டும்.

இன்ஜின் போனால் இன்னொன்று வாங்கலாம், பெட்ரோல் லைன் அப்படி இல்லை, கசிந்தால் தீப்பிடிக்கும். கார்புரேட்டர் பம்ப் கொடுப்பது 0.3 பார் அளவு. இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார், பத்து மடங்கு. பழைய ரப்பர் ஹோஸையும் பழைய கிளிப்பையும் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த டர்போவையும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். திட்டாமல் என்ன செய்வது? இன்ஜெக்‌ஷனுக்கென்று வரும் ஹோஸ், அதற்குரிய கிளிப், நடுவில் ஹீட் ஷீல்டு. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, சாவியை ஆன் பண்ணி, ஸ்டார்ட் பண்ணாமல், பின்னால் காது கொடுத்துக் கேளுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்க வேண்டும். அப்புறம் ஐடிலில் ஓடும்போது, இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். இன்ஜினோடு பம்ப்பும் அடங்க வேண்டும். இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடினால், வண்டி எங்காவது இடித்து நிற்கும் நாளிலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரிலே வயரிங்கைச் சரிசெய்யும்வரை பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.