பெரிய எண்களில் தாவி எண்ணும்போது சுழலும் இலக்கங்கள்

இருபத்தைந்து இருபத்தைந்தாகத் தாவி எண்ணுவது எவருக்கும் எளிது; முப்பத்தேழு முப்பத்தேழாக எண்ணச் சொன்னாலோ மூன்றாவது, நான்காவது தாவலிலேயே மனம் தயங்கத் தொடங்குகிறது. இத்தனைக்கும் இரண்டிலும் நடப்பது ஒரே கூட்டல்தான். 25-ஐக் கூட்டிக்கொண்டே போனால் கடைசி இரண்டு இலக்கங்கள் 25, 50, 75, 00 என்ற நான்கு வடிவங்களுக்குள்ளேயே சுழல்கின்றன. 37-ஐக் கூட்டினால் அவை 37, 74, 11, 48, 85, 22, 59, 96, 33 என்று ஒழுங்கே இல்லாதவை போல ஓடுகின்றன. ஆனால் இந்த ஓட்டத்தையும் அந்தச் சுழற்சியையும் ஆள்வது ஒரே விதி.

ஒரு வட்டத்தின்மேல் 00 முதல் 99 வரை நூறு புள்ளிகளைச் சம இடைவெளியில் குறித்துக்கொள்வோம். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் கவனித்து எண்ணுவது என்பது இந்த வட்டத்தைச் சுற்றி நடப்பதற்குச் சமம். தாவும் எண்ணுக்கும் 100-க்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடித்து, அதனால் 100-ஐ வகுத்தால் எத்தனை தாவல்களில் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம் என்பது கிடைத்துவிடும். 25-க்குப் பொதுக் காரணி 25 என்பதால் நான்கு தாவல்கள் போதும். 48-க்கு அது 4. ஆகவே 48, 96, 44, 92, 40 என்று நான்கின் மடங்குகளை மட்டும் தொட்டு 25 தாவல்களில் சுற்று முடிகிறது. 37-க்கும் 100-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணியே இல்லை. எனவே நூறு புள்ளிகளில் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இருமுறை மிதிக்காமல், அத்தனையையும் தொட்ட பிறகே அது 00-க்கு வந்து சேரும். இரு வேறு தாவல்களில் ஒரே புள்ளியை மிதித்தால் அவற்றுக்கிடையே கூட்டிய மொத்தம் 100-இன் மடங்காக இருக்க வேண்டும். 100 என்பது 2 × 2 × 5 × 5. அதற்கு 37 தன் பங்குக்கு ஒரு 2-ஐயோ 5-ஐயோ கொடுக்காததால், தாவல்களின் எண்ணிக்கையே 100-இன் மடங்காகியாக வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

இப்படி ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக் கணக்கிடுவதே மட்டு எண்கணிதம். அதற்கு இன்று நாம் எழுதும் குறியீட்டை 1801-இல் வெளியான தம் நூலில் வகுத்தளித்தவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் பிரீட்ரிக் காஸ்.

எண் பெரிதாக ஆகத் தாவுவது கடினமாகும் என்று எண்ணிவிடக் கூடாது. நூறு புள்ளி வட்டத்தில் 98 முன்னே போவதும் 2 பின்னே வருவதும் ஒன்றே என்பதால் 98, 196, 294, 392 என்று கடைசி இலக்கங்கள் இரண்டிரண்டாகக் குறைகின்றன. 99-இல் இது இன்னும் அழகு: 198, 297, 396, 495 என்று நூறுகளின் இலக்கம் ஒன்று ஏற, ஒன்றுகளின் இலக்கம் ஒன்று இறங்குகிறது, நடுவில் 9 அசையாமல் நிற்கிறது, பாதி வழியைக் கடந்ததும் அதே எண்கள் 594, 693, 792, 891 என்று திரும்பி நின்று எதிரொலிக்கின்றன.

ஒழுங்கற்றதாகத் தோன்றிய 37-க்கும் உகந்த வட்டம் ஒன்று உண்டு. அதன் மூன்று மடங்கு 111 ஆதலால், ஒவ்வொரு மூன்றாவது தாவலும் 111, 222, 333 என்று விழுந்து, 27-ஆவது தாவலில் 999-ஐ அடைகிறது. நூறின் வட்டத்தில் அலைந்த அதே எண், 999-இன் வட்டத்தில் அணிவகுத்து நடக்கிறது. 142857-ம் இவ்வகைதான். அதன் ஏழு மடங்கு 999999. அதற்கு முந்தைய ஆறு தாவல்களும் 142857, 285714, 428571, 571428, 714285, 857142 என்று அதே ஆறு இலக்கங்களின் சுழற்சிகளாகவே வருகின்றன. 1-ஐ 7-ஆல் வகுக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின் மீண்டும் மீண்டும் வருவது இந்தத் தொடரே. ஆகவே ஒவ்வொரு தாவலிலும் நாம் பார்ப்பது ஏழில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு ஆகியவற்றின் இலக்கங்களைத்தான்.

புள்ளிகளுக்குப் பதில் 360 பாகைகளை வைத்தால் தாவி எண்ணுதல் செடிகளுக்குள்ளும் நுழைகிறது. 90 பாகையாகத் தாவினால் நான்கே திசைகள் கிடைக்கும், 137.5 பாகையாகத் தாவினால் 55 முறை சுற்றி 144 தாவல்களுக்குப் பிறகே பழைய திசை மீண்டும் வரும். சூரியகாந்தியின் நடுவில் சிறுபூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் கோணம் இதற்கு மிக நெருங்கியது. பொன் கோணம் எனப்படும் அதன் கணித அளவு ஏறத்தாழ 137.508 பாகை, அது 360-இன் விகிதமுறா பங்கு, அதாவது முழு எண்களாலான பின்னமாக எழுத முடியாத பங்கு என்பதால், அந்தக் கோணத்தில் எத்தனை முறை தாவினாலும் ஒரே திசையில் இருமுறை நிற்க முடியாது.